மூன்றாம் ஓலை

பூசை தொடங்கி இருபது நிமிஷம் ஆகியும் மார்சலின் இன்னும் ஒரு செபத்தைக்கூட உருப்படியாகச் சொல்லி முடிக்கவில்லை. வாய் என்னவோ ஊரோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. ஐம்பத்துநாலு வருஷம் பழகின வாய், அதற்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. நெஞ்சில் தட்ட வேண்டிய இடத்தில் கையும் தானாகத் தட்டிக்கொண்டது. மனசுதான் சக்ரீஸ்து வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது. சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அந்தச் சின்ன அறையின் வாசலில் காலை ஏழு மணிக்கு அவள் போய் நின்றாள். பச்சை அங்கியைத் தலைவழியே மாட்டிக்கொண்டிருந்த சாமியார், தலை வெளியே வந்ததும் அவளைப் பார்த்து, என்னம்மா என்று கேட்டார். சின்ன வயசுச் சாமியார், ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. ஒண்ணுமில்ல சாமி என்று சொல்லிவிட்டு இவள் திரும்பி வந்துவிட்டாள். ஒன்றுமில்லாமலா ஒரு பொம்பளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூசைக்கு முன்னால் அங்கே போய் நிற்பாள்? நிறுத்தச் சொல்லப் போனாளா, நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லப் போனாளா, அவளுக்கே தெரிந்தால்தானே அவருக்குச் சொல்வதற்கு. இன்றைக்கு மூன்றாம் ஓலை. கல்லடியூர்க் கோயிலில், கல்யாணம் நிச்சயமான ஆணும் பெண்ணும் யார், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று மூன்று ஞாயிறு பூசையில் எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார்கள், அதுதான் ஓலை. தடை ஏதாவது தெரிந்தவன் சொல்ல வேண்டும். மூன்றும் வாசித்து யாரும் வாய் திறக்காவிட்டால் தாலி. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் இவள் பேரையும் ரபேல் பேரையும் சேர்த்து வாசித்தாகிவிட்டது, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலம் மெட்ராஸிலிருந்து மகன் ஜெரால்டு போனில் கூப்பிட்டு, மூணாவது ஓலை வாசிக்கதுக்குள்ள சாமியார்ட்ட சொல்லி நிறுத்திரும்மா, நிறுத்தலன்னா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன், அப்புறம் அந்த வீட்டுக்கும் வரமாட்டேன் என்றான். சத்தம் போட்டிருந்தால்கூட இவளும் பதிலுக்கு ரெண்டு சத்தம் போட்டிருப்பாள். அவன் மெதுவாகச் சொன்னான். பார்ப்பம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ராத்திரி தூக்கம் வந்ததுதான் ஆச்சரியம், நன்றாகவே தூங்கினாள், காலையில் எழுந்ததும் அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

சாமியார் பிரசங்கத்தில் விதைக்கிறவனைப் பற்றித் தொடங்கி, விதைக்குத் தண்ணீர், தண்ணீருக்கு போர்வெல் போடுவது, எத்தனை அடியில் உப்புத்தண்ணீர் என்று எங்கேயோ போய்விட்டிருந்தார். நல்ல மனுஷன், வந்த வழி மட்டும் மறந்துபோகும். ஆண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் நடைபாதை ஓரமாக ரபேல் உட்கார்ந்திருந்தார். இவளுக்கு இங்கிருந்து தெரிவது ஒரு காதும் பின்மண்டையும்தான். காதில் முடி. கல்யாணத்துக்குள் அதை வெட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், நினைத்ததுமே, கல்யாணம் உண்டா என்பதே தெரியவில்லை, அதற்குள் காது முடிக்குப் போய்விட்டாயே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். அந்தப் பின்மண்டையை அவளுக்குப் பன்னிரண்டு வயசிலிருந்து தெரியும். அப்போது அதில் எண்ணெய் வழியும், நடுவில் ஒரு சுழி, எத்தனை சீவினாலும் படியாது. ஞாயிறு மறைக்கல்வியில் அவன் முன்னால், இவள் பின்னால். பத்துக் கட்டளையில் ஆறாவதை, மோகபாவம் கூடாது என்பதை, உபதேசியார் கேட்டால் அவனுக்குக் காது சிவக்கும், பின்னாலிருந்து இவள் பார்த்துச் சிரிப்பாள். அப்புறம் நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம், வாங்கப் போகிற வரிசை. ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் ஒரு வரிசை, ரெண்டும் பீடத்துக்கு முன்னால் போய்ச் சேரும். யார் சொல்லியும் இல்லை, இவள் நடையைக் குறைப்பாள், அவன் செருப்பில்லாத காலில் முள் குத்தினாற்போல ஒரு நிமிஷம் நிற்பான், பின்னால் வருகிற கிழவன் முதுகில் இடிப்பான், கடைசியில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பீடத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பார்கள். ஒரு சாண் இடைவெளி. கண்ணை மூடி நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு காதல் இருந்தது என்றால் இப்போது பிள்ளைகள் சிரிக்கும். ஆறு வருஷம் அதுதான். தொட்டதில்லை. கடிதம் எழுதியதில்லை, எழுதினால் யார் கையில் கொடுத்தனுப்புவது, இவள் அப்பா மரியதாசன் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், ஊரில் பாதிப் பேர் கையெழுத்து அவருக்கு அத்துப்படி. கோயிலில் சாமியை நினைக்க வேண்டிய இடத்தில் அவனை நினைத்தேனே என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒருதரம் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்துப் பெரிய சாமியார் வலைக்குப் பின்னாலிருந்து, மூணு அருள்நிறை மரி சொல்லு, வரிசையில் ஒழுங்காய் நட என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி ஞானப்பூ முழங்கையால் ஒரு இடி இடித்தாள். எல்லாரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள், இவள் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள். எந்திரிட்டீ, எங்க இருக்க என்று ஞானப்பூ கேட்டாள். எங்கே இருக்கிறாள், முப்பத்தொரு வருஷத்துக்குப் பின்னால் இருக்கிறாள். எழுந்து நின்று வாயசைத்தாள். இதே கோயில்தான், இதே பெஞ்சு இல்லை, அது கரையான் அரித்துப் போய்விட்டது. இருபத்துமூணு வயசு மார்சலினுக்கும் பூனாவில் ரயில்வேயில் வேலை பார்க்கிற திருச்சிக்காரர் ஜோக்கிமுக்கும் முதல் ஓலை வாசித்தபோது இவள் தரையில் ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதற்கு முந்தின நாள் கிணற்றடியில் ரபேல் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான், மூணாவது ஓலைக்கு எந்திரிக்கேன். ஏன் மூணாவது? முதல் ரெண்டும் சும்மா அறிவிப்பு, மூணாவதில் சொன்னால்தான் செல்லும் என்று அவன் யாரிடமோ கேட்டுவைத்திருந்தான், அவனோடு சுற்றுகிற எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். இன்னொரு காரணமும் இருந்தது, அது இவளுக்கு அப்போது தெரியாது. ரெண்டாம் ஓலையும் போயிற்று. வியாழக்கிழமை அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், மாப்பிள்ளைக்கு லீவைக் குறைத்துவிட்டார்களாம், ஆயரிடம் எழுதி மூணாவது ஓலைக்கு விலக்கு வாங்கியாச்சு, சனிக்கிழமை திருச்சியிலேயே கல்யாணம், நாளைக்கு வேன். அப்படி ஒரு விலக்கு உண்டு என்பதே இவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரபேலுக்குச் சொல்லியனுப்ப ஆளில்லை, அவன் ஊரிலேயே இல்லை, திருநெல்வேலிக்குப் போயிருக்கிறான் என்றார்கள். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது இறங்கி நிற்கிற ஒவ்வொரு மண்டையையும் பார்த்தாள். மதுரை வரைக்கும் பார்த்தாள் என்றால் என்ன சொல்ல, மதுரையில் அவன் எதற்கு நிற்கிறான். திருச்சிக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போதுகூட, பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் முதுகெல்லாம் காதாக நின்றாள். வந்தது கேமராக்காரன்.

ஜோக்கிமைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு நினைப்பு இடறும், இடறி அங்கேயே நிற்கும். நல்ல மனுஷன். பூனாவில் குளிர்கிற காலத்தில் முதலில் தான் எழுந்து தண்ணீர் காயவைத்துவிட்டுத்தான் இவளை எழுப்புவார். இந்தி பேசத் தெரியாமல் இவள் மார்க்கெட்டில் முழித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் இன்னொருத்தர் சிரித்தால் பொறுக்கமாட்டார். இருபத்திரண்டு வருஷம். அழுது வாழ்ந்தாள் என்று யாராவது எழுதினால் பொய். சிரித்தாள், சண்டை போட்டாள், ஒரு பிள்ளையைப் பெற்று ஆளாக்கினாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரை மண்ணில் வைத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பாவை மறந்துட்டியாம்மா என்று ஜெரால்டு நேற்றுக் கேட்டான், அதுதான் தைத்தது, வரமாட்டேன் என்றதுகூட அப்படித் தைக்கவில்லை. மறப்பதா? இப்போதுகூட வெந்நீர் அண்டாவைப் பார்த்தால் அவர் நினைப்புத்தான். ஒரு மனசில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று இவனுக்கு யார் சொன்னது. உனக்கு ஒரு பிள்ளை, உன் பெண்டாட்டி இன்னொன்று பெற்றால் முதல் பிள்ளையைத் தூக்கிக் குப்பையிலா போடுவாய் என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியதெல்லாம் போனை வைத்தபிறகுதான் வருகிறது. ஆனால் ரபேல் மேல் கோபம் இருந்தது, அது நிஜம். கோழைப்பயல் என்று ஒரு பேர் வைத்து அதை உள்ளே ஒரு மூலையில் போட்டுப் பூட்டியிருந்தாள். எந்திரிக்கேன் என்று சொல்லிவிட்டு ஆளே இல்லாமல் போனவன். ஊருக்கு வந்தபிறகும், அவர் பெண்டாட்டி சலேத்து சாவுக்குப் போய் மாலை போட்டபோதும், முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. ஆர்மோனியப் பெட்டிக்காரர் ஒரு கட்டை மேலே தொடங்கிவிட்டார், பொம்பளைகள் எட்டிப் பிடிக்க முடியாமல் பாதியில் விட்டார்கள். மார்சலினுக்குச் சிரிப்பு வந்தது. பூசையில் சிரிப்பு வருவது அவளுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி, எல்லாம் அந்த வான்கோழியில் தொடங்கியது. கிறிஸ்மஸுக்கு விற்கலாம் என்று போன வருஷம் பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சு வாங்கிவிட்டாள், அது பிள்ளை வளர்ப்பதைவிடக் கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்று மாற்றி ஒன்று தலையைத் தொங்கப்போட, ஞானப்பூதான், கோவத்தை அப்புறம் வச்சுக்க, குஞ்சு செத்துப்போவும், போய்க் கம்பவுண்டரைக் கூட்டிட்டு வா என்றாள். ரபேல் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, வயசுக்கு முன்னாலேயே ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டவர். தெருவில் அவரைக் கண்டால் ஆடுகள் இன்னும் ஓடும், ஊசி ஞாபகம். வந்தார். குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தை விரலிடுக்கில் பிடித்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு மருந்து விட்டார். இவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். ஏழாவது குஞ்சில் இவளுக்கு அடக்க முடியவில்லை. முப்பது வருஷம் பூட்டிவைத்தது, ஒரு வான்கோழிக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டேவிட்டாள்: "அன்னைக்கு ஏன் எந்திரிக்கல?"

அவர் சொட்டு விடுவதை நிறுத்தவில்லை. அந்தக் குஞ்சை முடித்துக் கீழே விட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். "எங்க எந்திரிக்க? உன் ஓலையே வாசிக்கலையே" என்றார். அதற்கப்புறம் சொன்னதையெல்லாம் மார்சலின் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், இப்போது காணிக்கைத் தட்டு தன்னைக் கடந்து போனதுகூடத் தெரியாமல் மறுபடி ஓட்டினாள். அந்த வாரம் அவன் திருநெல்வேலிக்குப் போனது கம்பவுண்டர் வேலை இன்டர்வியூவுக்கு. வேலையில்லாத பயல் எழுந்து நின்றால் தலைமையாசிரியர் மதிப்பாரா, கையில் ஆர்டரோடு எழுந்து நிற்க வேண்டும் என்றுதான் மூணாவது ஓலை வரைக்கும் காத்திருந்தான். ஆர்டர் கிடைத்தது. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து, ஞாயிறு காலையில் குளித்து, சட்டைப்பையில் ஆர்டரை மடித்து வைத்து, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சாமியார் அறிவிப்பெல்லாம் வாசித்தார், வேறு யாருக்கோ ஓலை வாசித்தார், மார்சலின் பேர் வரவேயில்லை. அவன் என்ன நினைத்தானாம்? கல்யாணம் நின்றுபோச்சு, மார்சலினே நிறுத்திவிட்டாள் என்று நினைத்தானாம். சந்தோஷத்தில் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிவைத்து, பஜாருக்குப் போய் ரெண்டு பிரியாணி சாப்பிட்டானாம். சாயங்காலம்தான் அவன் அக்கா, நேத்து திருச்சியில முடிஞ்சுட்டுதாம்ல என்றாளாம். ரெண்டு பிரியாணியா என்று மார்சலின் கேட்டாள். ரெண்டு, முட்டையோட என்றார். இவளுக்குச் சிரிப்பு தொடங்கி நிற்கவேயில்லை, குஞ்சு கையிலிருந்து நழுவி ஓடியது, சிரித்துக்கொண்டே அழுதாள், அழுகிறாள் என்று தெரிந்ததும் அவர் எட்டாவது குஞ்சைத் தானே போய்ப் பிடித்தார். அந்த முப்பது வருஷக் கோபம் அன்றைக்குப் போனதுதான். போனதும் உள்ளே ஒரு இடம் காலியாகக் கிடந்தது, அதில் அவர் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொண்டார். வான்கோழியைப் பார்க்க என்று பேர். கிறிஸ்மஸுக்கு எல்லாம் விற்றுப்போய் கூண்டு காலியான பிறகும் வந்தார்.

சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடித்தது, முழங்கால் போட்டாள், முட்டி ரெண்டும் சொடுக்கு விட்டது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு கல்யாணம். ஊர் என்ன சொல்லும் என்பது முதல் ஓலைக்கு முன்னால்தான் பெரிய பயமாக இருந்தது, வாசித்தபிறகு பார்த்தால் ஊருக்கு வேறு வேலை இருந்தது. ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒருத்தி சேலை எந்தக் கடையில் எடுக்கப் போகிறாய் என்று கேட்டாள், அவ்வளவுதான். இப்போதைய பயம் வேறு. கூப்பிடுவதில்கூடச் சிக்கல். கூண்டுப் பக்கம் நின்றால் நீ, தெருவில் பார்த்தால் நீங்க, கல்யாணத்துக்கு அப்புறம் எது? ராத்திரி இருமினால் அவருக்குத் தூக்கம் கெடுமே. அவர் சாம்பாரில் புளி அதிகம் கேட்பார், ஜோக்கிமுக்கு ஆகாது, இருபத்திரண்டு வருஷம் கை அதற்குப் பழகிவிட்டது. இதெல்லாம் சின்னப் பயம், இவற்றோடு சேர்ந்து படுத்துத் தூங்கலாம். பெரிய பயம் ஜெரால்டு. அவன் சொன்னதைச் செய்கிறவன், அப்பாவைப்போலவே. வரமாட்டேன் என்றால் வரமாட்டான். பேரப்பிள்ளைக்கு இப்போதுதான் ரெண்டு பல் வந்திருக்கிறது, வீடியோவில் காட்டுகிறார்கள். போனை வைத்ததும் கூண்டருகே நின்ற ரபேலிடம் போய்ச் சொன்னாள். அவர் கூண்டுக் கம்பியைத் தடவிக்கொண்டே, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய், நான் காத்திருப்பேன் என்றார். அங்கேதான் இவளுக்கு மண்டை காய்ந்தது. காத்திருப்பேனாம். இன்னும் எத்தனை காலம்? மறுத்தும் சொல்லவில்லை, மல்லுக்கும் நிற்கவில்லை, மாட்டு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில் பொறுமை மட்டும் மலை மலையாகச் சேர்த்துவைத்திருக்கிறார். பேர் கொடுக்கப் போனபோது சாமியார் சொல்லியிருந்தார், மூணாவது ஓலை வாசிக்கிறவரைக்கும் மனசு மாறினா வந்து சொல்லலாம்மா, ஒரு தப்பும் இல்ல என்று. அதனால்தான் காலையில் கால் அங்கே போனது. போனது, நின்றது, திரும்பியது. ஆண்டவரே, நீர்தான் ஏதாவது வழி பண்ணும் என்றாள். இன்றைக்கு அவள் சொன்ன ஒரே முழுச் செபம் அது.

நன்மை வாங்க வரிசை எழுந்தது. இப்போது பீடத்தடியில் முழங்கால் போடுவதில்லை, நின்றபடி கையில் வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். மார்சலின் நடையைக் குறைக்கவில்லை, வயசானவள் இப்படிச் செய்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தலையைக் குனிந்துகொண்டு இயல்பாகப் போனாள். நிமிர்ந்தால் பக்கத்தில் ரபேல். எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியவில்லை, அவருக்குப் பின்னால் நின்றவன் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. அவர் இவளைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு, அதில் துளிப் பஞ்சு. மனசு நிறைந்துபோயிற்று அவளுக்கு. நிறைந்தது என்றால் நிறைந்ததுதான், வேறு வார்த்தை இல்லை. இந்த மனுஷன் ஐம்பத்தஞ்சு வயசில் கன்னத்தை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாரே, இது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. திரும்பி நடக்கும்போது ஜெரால்டு குரல் மறுபடி வந்தது. வேண்டும் என்று தோன்றுவதும் மகன் வரமாட்டேன் என்பதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பெஞ்சு வரைக்கும் கூடவே வந்தன.

அறிவிப்பு. சாமியார் கழுத்து மைக்கைத் தட்டிப் பார்த்தார், கோபுரத்துக் குழாய் வழியே அந்தத் தட்டு ஊரெல்லாம் கேட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள். மறைக்கல்விப் பிள்ளைகள் நோட்டுக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு. கொடியேற்றத்துக்குத் தோரணம் கட்ட இளைஞர்கள் சனிக்கிழமை வர வேண்டும், போன வருஷம் நடந்ததாக நான் கேள்விப்பட்ட மாதிரி நாலு பேர் வந்துவிட்டு நாற்பது பேர் சாப்பிடக் கூடாது. கோயில் சிரித்தது. மார்சலின் சேலைத்தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டாள். இதோ இப்போது. ஓலை எப்போதும் கடைசியில்தான். சாமியார் பேப்பரை மடித்தார். மடித்து அங்கிக்குள் வைத்தார். வாசக மேடையை விட்டு நடந்து பீடத்தின் நடுவுக்கு வந்தார். ஞானப்பூ திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள். வாசிக்கவில்லை. மறந்துவிட்டாரா, இல்லை காலையில் வாசலில் நின்றதைப் பார்த்து, நிறுத்தச் சொல்லத்தான் வந்தாள், வெட்கத்தில் வாய் வரவில்லை என்று தானாக முடிவு கட்டிவிட்டாரா? எப்படியோ, வாசிக்கவில்லை. நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யார் மேலும் குற்றமில்லை. சாமியார் வாசிக்கலப்பா என்று ஜெரால்டிடம் சொல்லிவிடலாம், அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான். ரபேல் காத்திருப்பார். அடுத்த ஞாயிறு பார்ப்பம், அப்புறம் பெருநாள் முடியட்டும், அப்புறம் மழை முடியட்டும். அன்றைக்கும் இப்படித்தானே, அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னபோது இவள் செய்ததெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்ததுதானே. அவன் எந்திரிப்பான், அவன் எந்திரிப்பான் என்று முப்பது வருஷம் அவனை வைதாளே, நீ ஏன்டி எந்திரிக்கவில்லை என்று யாராவது கேட்டார்களா, இவளாவது கேட்டுக்கொண்டாளா? வாய் இருந்தது, கால் இருந்தது, ரெண்டு ஓலைக்கும் இதே கோயிலில்தான் இருந்தாள். ஆண்கள் பக்கம் பார்த்தாள். ரபேலுக்கும் தெரிந்துவிட்டது. சாமியாரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பெஞ்சில் கையை ஊன்றினார். ஊன்றின கையை எடுத்துக் காதைச் சொறிந்தார். இந்த மனுஷனை நம்பினால் அடுத்த முப்பது வருஷத்துக்குப் பிரியாணிதான் என்று நினைத்தாள், அவ்வளவு எரிச்சலிலும் அவர் மேல் ஆசை ஆசையாக வந்தது. மத்தியானம் ஜெரால்டுக்கு நானே போன் போடுவேன், கெஞ்சாமல் சொல்வேன், வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அவன் பங்குக் கறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுநாள் மறுபடி கூப்பிடுவேன். சாமியார் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கப் போனார். மார்சலின் எழுந்து நின்றாள். முட்டி சொடுக்கியது கோயில் முழுக்கக் கேட்டிருக்கும் போலிருந்தது.

"சாமி, எங்க ஓலை வாசிக்கலையே" என்றாள்.

சாமியார் கை பாதியில் நின்றது. "வேண்டாம்னு சொல்லத்தான் காலையில வந்து நின்னீங்கன்னு நினைச்சேம்மா" என்றார். கழுத்தில் மைக் இருந்தது அவருக்கு ஞாபகமில்லை. டீக்கடை வரைக்கும் கேட்டது.

"வேணும் சாமி" என்றாள் மார்சலின்.

பேர் எழுதின பேப்பர் சக்ரீஸ்து அலமாரியில் இருந்தது, பூசைக்கு எடுபிடி பார்க்கிற கோயில்பிள்ளை ஓடினார், சாவி எங்கே என்று அங்கிருந்தே கேட்டார், சாமியார் அங்கிக்குள் கையை விட்டுத் துழாவினார். சிறுசுகள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தன. எவ்வளவு நேரம்தான் ஒரு பொம்பளை நின்றுகொண்டேயிருப்பாள், நானே சொல்லுதேன் சாமி என்று சொல்லிவிட்டாள், சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் சொன்னாள். காலஞ்சென்ற மரியதாசன் ஆசிரியர், காலஞ்சென்ற ரோசம்மா இவங்க மகளும், காலஞ்சென்ற ஜோக்கிமோட மனைவியுமான மார்சலின். ஜோக்கிம் பேரைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி, நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். காலஞ்சென்ற தொம்மை, காலஞ்சென்ற சவேரியம்மா இவங்க மகனும், காலஞ்சென்ற சலேத்தோட புருசனுமான ரபேல். இத்தனை காலஞ்சென்றவர்களுக்கு நடுவில் உயிரோடு இருப்பது ரெண்டே பேர்தான் என்று அப்போதுதான் கவனித்தாள், சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். இவங்களுக்கு வர்ற புதன்கிழமை இந்தக் கோயில்ல கல்யாணம். இது மூணாவது ஓலை.

"யாருக்காவது தடை தெரிஞ்சா இப்பமே சொல்லிருங்க" என்றாள்.

ஒரு சத்தமில்லை. அப்போது ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் ரபேல் எழுந்து நின்றார். மாப்பிள்ளையே தடை சொல்லப் போகிறார் என்று ஞானப்பூ மார்பில் கை வைத்துவிட்டாள். மார்சலினுக்குத் தெரியும். பாவம், முப்பத்தொரு வருஷமாக எழுந்திருக்கக் காத்திருந்த மனுஷன், எழுந்துவிட்டார், அவ்வளவுதான், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. கன்னத்துப் பஞ்சு இன்னும் அப்படியே இருந்தது. அவர் சாமியாரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார்.

"எனக்குத் தடை ஒண்ணும் இல்ல" என்றார்.

கோயில் சிரித்த சிரிப்பில் சாமியாரும் சேர்ந்துகொண்டார். ரபேல் உட்காரத் தெரியாமல் நின்றார். மார்சலின் அவரைப் பார்த்து, உக்காருங்க என்று கையைக் காட்டினாள். அவர் உட்காரப் போன நேரத்தில், சாமியார் ஆசீர்வாதத்துக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.